தொழிலும் மனச்சான்றும்

ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்து மக நாளிலே நம் பாடசாலைகளில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களின் குருபூசை நிகழ்கின்றது. மாணாக்கர் சொற்பொழிவு செய்கின்றனர். அச்சொற்பொழிவுகளை எழுதிக்கொடுப்போர் ஆசிரியர்களாகிய நாமே. அவற்றுள் ஒரு வாக்கியம் தவறாது வரும்: மிசன் பாடசாலையிலே பெற்றிருந்த உத்தியோகத்தைத் துரும்பென உதறிவிட்டுச் சைவத்துக்கு உழைத்தார் என்பதே அது. யானும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அவ்வாக்கியத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்து வந்தேன்.

சில ஆண்டுகளின் முன், அட்டனுக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றிலே, குருபூசை முடிந்து பிரசாதம் கொடுக்கும்பொழுது, ஏழாந்தரத்து மாணவியொருத்தி என்னிடம் வந்தாள். "சேர், அந்த வேலை அவருக்கு ஒத்துவராதது என்றால் ஏன் அவ்வளவு காலம் அங்கே இருந்தார்?" என்று கேட்டாள். பின்பு சொல்வதாகக் கூறி அனுப்பினேன். உண்மையாவது, எனக்கு விடை தெரியவில்லை. அப்பிள்ளையின் தாயார் கொழுந்தெடுப்பவர். மழையென்றும் குளிரென்றும் பாராது விடியற்காலத்திலே பிரட்டுக்களத்துக்கு ஓடுகின்றவர். மனம் பொருந்தாத வேலையிலே மனிதர் ஏன் நிலைத்திருக்கின்றனர் என்பது அவளுக்கு வீட்டிலே தினமும் காணக்கிடைத்த பொருள். ஆதலினாலன்றோ நமக்குத் தோன்றாத வினா அவளுக்குத் தோன்றிற்று.

அவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

நாவலரவர்கள் 1822ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 18ஆந் தேதி நல்லூரிலே பிறந்தவர். பன்னிரண்டு வயதளவிலே யாழ்ப்பாணத்து வெசிலியன் மிசன் பாடசாலையிற் சேர்ந்தார். அங்கே ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகி, அதன் தலைவராகிய பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய நூலைத் தமிழிற் பெயர்க்கும் பணியிலே உறுதுணையாயிருந்தார். 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே அத்தொடர்பை விட்டபொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. தம் வாழ்நாளிற் பாதியை அவர் அவ்விடத்திலே கழித்திருந்தார். நாவலர் என்னும் பட்டமும் அன்று அவருக்கில்லை. அஃது 1849ஆம் ஆண்டிலே திருவாவடுதுறை ஆதீனத்தார் வழங்கியது. எனவே, அன்று விலகியவர் பட்டமும் புகழும் பெற்ற பெரியவரல்லர். ஆறுமுகபிள்ளை என்னும் இளம் உபாத்தியாயர். இதனை நாம் மாணாக்கருக்குச் சொல்வதில்லை.

நாம் சொல்லாத வேறொன்றும் உண்டு. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்த நாள் 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் தேதி. அதுமுதல் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே சைவப் பிரசங்கங்கள் நிகழ்ந்தன. மிசன் வேலையை விட்டதோ அடுத்த ஆண்டு செப்டெம்பரில். ஏறக்குறைய ஒன்பது மாதம் அவர் ஒருபுறம் மிசன் பாடசாலையின் ஆசிரியர். மறுபுறம் கோயில் மண்டபத்திலே சைவப் பிரசாரகர். அவ்வொன்பது மாதம் அவருள்ளம் எவ்வாறிருந்திருக்கும்! சொற்பொழிவிலே இதனை நாம் ஒரு வாக்கியத்தாற் கடந்துபோகின்றோம். ஆசிரியராயுள்ளோர் நின்று பார்க்கவேண்டிய இடம் இதுவே என்பது என் கருத்து.

அதற்கு முந்திய ஆண்டுகளிலே அவர் மனச்சான்றை அடகு வைத்திருந்தார் என்பது பொருந்தாது. மொழிபெயர்ப்பு வேலையிலே அவர் தந்தது தமிழறிவு. அங்கிருந்த காலத்திலேயே சைவ நூல்களையும் ஆகமங்களையும் ஆழ்ந்து கற்றார். கூலி வாங்கிய வேலையை நேர்மையாகச் செய்து, தம் நெறியிலும் வழுவாதிருந்தார். அந்நிலையிலே முரண் இல்லை. முரண் பிறந்தது வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் தொடங்கிய பின்னரேயாம். யாதாயினும் ஒரு கையாற் கட்டுவதை மறுகையாற் பிரிப்பவனாகத் தன்னைக் காணும்பொழுதே மனிதனுக்கு அமைதி கெடுகின்றது. அவ்வமைதி கெட்டபின்னும் அவர் உடனே எழுந்து ஓடினாரல்லர். தாம் போய்ச் சேரும் இடத்தை ஆக்கினார். 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று. அவ்வாண்டிலேயே மிசன் தொடர்பு முற்றாக நீங்கிற்று. சம்பளத்தை உயர்த்துவதாகப் பாதிரியார் கூறியும் அவர் இசைந்திலர் என்று வரலாறெழுதினோர் கூறுவர்.

இனி, அவர் விட்டுச் சென்றதை மாத்திரம் பேசுதல் நீதியன்று. கொண்டு சென்றதையும் பேசவேண்டும். வகுப்புப் பிரித்துக் கற்பித்தல், படிமுறையாகப் பாடப்புத்தகம் ஆக்குதல், அச்சிட்டுப் பரப்புதல், மேடையிலே நின்று உரைநடையாற் பேசுதல் ஆகியவற்றையெல்லாம் மிசனாரிடத்திலே கண்டு, கற்று, தம்மதாக்கிக்கொண்டார். 1849இலே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்ததும், பாலபாடங்களை எழுதியதும் அக்கல்வியின் பயன்களே. மிசன் பள்ளியிலே படித்தவனாகிய யான் இதனை மறைக்க விரும்புகின்றிலேன். எனக்கு நேரம் தவறாமையையும், கரும்பலகையிலே நேர்கோட்டில் எழுதுவதையும், மாணாக்கன் பெயரை முதல் வாரத்திலேயே மனத்திற் பதிப்பதையும் கற்பித்தோர் அப்பள்ளியின் ஆசிரியர்களே. பேர்சிவல் பாதிரியாரும் பின்னாளிலே தாமிருந்த சபையை விட்டு நீங்கி, சென்னையிலே தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தி, இராசதானிக் கல்லூரியிலே ஆசிரியரானார். மனச்சான்று ஒரு பக்கத்தாருக்கு மாத்திரம் உரியதன்று.

விலகியதற்கு நாவலரவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. வித்தியாசாலை அரசாங்க நன்கொடை இன்றி நெடுங்காலம் நடந்தது. 1872ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய ஆங்கில வித்தியாசாலை பணமுடையினாற் சில ஆண்டுகளிலே மூடப்பட்டது. அவர் மணஞ்செய்துகொள்ளவுமில்லை. குடும்பம் உடையோர்க்கு அவ்வழியை அப்படியே காட்டுதல் எளிதன்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம்மவரிற் சிலர்க்கு இது கசக்கும். நாவலரவர்கள் தமது கொள்கைக்கு முழுவதும் இயையத் தொழில் செய்தார்; ஆயின் அக்கொள்கையுள் சாதி வரம்பும் ஒன்றாயிருந்தது. மலையகத்திலே இன்று என் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகளிற் பலருடைய முன்னோர்க்கு அவ்வித்தியாசாலையின் கதவு திறந்திருக்கமாட்டாது. தொழில் கொள்கைக்கு இணங்குகின்றதா என்று பார்ப்பவன், கொள்கை அறத்துக்கு இணங்குகின்றதா என்பதையும் உடன் பார்க்கக் கடவன்.

விலகாமலே வழி கண்டோரும் உளர். சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் (1832–1901) வட்டுக்கோட்டைச் செமினரியிலே அமெரிக்க மிசனாரிடம் கற்றவர். பேர்சிவல் பாதிரியார் அழைக்கச் சென்னைக்குச் சென்று தினவர்த்தமானியிலே பணிபுரிந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். சைவராயினார். ஆனால் ஊதியமுள்ள வேலையைத் துறந்தாரல்லர். அரசாங்கக் கணக்கு அலுவலகத்திலே இருந்தார், சட்டம் பயின்று வழக்கறிஞரானார், புதுக்கோட்டையிலே நீதிபதியுமானார். அவ்வருவாயையும் ஓய்வுநேரத்தையும் கொண்டு ஏடு தேடி, 1881இலே வீரசோழியத்தையும் 1887இலே கலித்தொகையையும் அச்சேற்றினார். கணக்கெழுதுவது அவருடைய இலட்சியமன்று. ஆயினும் இலட்சியத்துக்கு எதிரானதுமன்று. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை இளைய ஆசிரியர்கள் தெளியவேண்டும். மனத்துக்கு உவப்பில்லாத வேலை வேறு, மனச்சான்றுக்கு மாறான வேலை வேறு. முன்னதைப் பொறுத்துக்கொண்டு பிறவற்றாற் பயன்கொள்ளலாம். பின்னதைப் பொறுக்கப் பொறுக்க மனிதன் தேய்கின்றான்.

நம் மலைநாட்டிலே மூன்றாவது வழியொன்றும் இருந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேற் சுமத்திற்று. அப்பள்ளிகள் 1977 முதற் படிப்படியாக அரசாங்கத்தின் வசமாகும்வரை, ஆசிரியர் தோட்டத்தின் ஆளாகவே இருந்தார். குடியிருக்கும் வீடும் தோட்டத்தினது. என் தகப்பனார் அத்தகையதோர் ஆசிரியர். ஒரே மண்டபத்திலே எல்லா வகுப்பையும் வைத்துக்கொண்டு பகலிற் கற்பிப்பார். இரவிலே லயத்து மனிதர் வந்து சொல்லச் சொல்ல மனு எழுதிக்கொடுப்பார். அரைப்பேர் போட்டது, பிரசவச் சகாயம் கொடாதது, இவைபோன்ற குறைகள். கையெழுத்து அடையாளம் தெரியாதபடி இடக்கையால் எழுதுவார். எழுத்துக் கோணலாயிருக்கும், தமிழ் கோணலாயிராது. அவர் வேலையை விட்டிருந்தால் அத்தோட்டத்திலே அகரம் சொல்லிக்கொடுக்க வேறொருவர் இருந்திலர். ஆதலால் இருந்தார். அஃது அச்சமா, அறமா என்று இளமையில் யான் ஐயுற்றதுண்டு. இப்பொழுது ஐயமில்லை.

இனி என் குற்றத்தைச் சொல்லுதல் வேண்டும். சொல்லாது பிறர்க்கு உரைத்தல் முறையன்று. யான் தரம் ஐந்துப் புலமைப்பரிசில் வகுப்பைக் கற்பித்த காலத்திலே, மாலையில் ரியூசன் வகுப்பும் நடத்தினேன். வந்தவர்கள் பெரும்பாலும் என் வகுப்புப் பிள்ளைகளே. வீடு கட்ட வாங்கிய கடன் தலைமேலிருந்தது. பகல் வகுப்பிலே பின்னக் கணக்கை மேலெழுந்தவாரியாகச் சொல்லி, மிகுதியை மாலையிற் பார்ப்போம் என்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலே கோயில் அறநெறிப் பாடசாலைக்கும் யானே ஆசிரியன். ஒருநாள் அங்கே கள்ளாமை என்னும் பாடம். களவு என்பது யாது என்று கேட்டேன். மாலை வகுப்புக்கு வாராத சிறுவனொருவன் எழுந்து, "ஒருவருக்குச் சேரவேண்டியதை அவருக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது, சேர்" என்றான். அவன் என்னைக் குறித்துச் சொல்லவில்லை. பாடத்தைப் படித்துவந்து சொன்னான். நன்று என்று கூறி அமரச் செய்தேன். அன்று உணவு இறங்கவில்லை.

அவ்வகுப்பை மறுநாளே மூடிவிட்டேன் என்று எழுதினால் இக்கட்டுரை அழகுபெறும். மூடவில்லை. கடன் அடைய எட்டு மாதம் பிடித்தது. முதலில், அன்றன்றைப் பாடத்தை அன்றன்றே பகல் வகுப்பில் முற்றாக முடிப்பதென்று உறுதிகொண்டேன். அவ்வாறு முடித்தபின் மாலை வகுப்புக்கு வருவோர் தாமாகவே குறைந்தனர். பின்பு என் மாணாக்கரிடம் பணம் வாங்குவதை நிறுத்தினேன். நாவலரவர்களின் ஒன்பது மாதம் எனக்கு ஒருவாறு விளங்கியது அப்பொழுதுதான். அவரோடு என்னை ஒப்பிட்டேனென்று யாரும் கருதற்க.

2022ஆம் ஆண்டிலே நாடு பொருள்முடையால் நெருக்குண்டபொழுது, அரசாங்க ஊழியர் ஐந்தாண்டுவரை சம்பளமின்றி விடுமுறை பெற்று வெளிநாடு செல்ல அனுமதி பிறந்தது. என் பழைய மாணவியொருவர், தோட்டப் பாடசாலையிலே கணிதம் கற்பிப்பவர், விண்ணப்பப் படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "சேர், நான் போனால் பிழையா?" என்றார். தகப்பனாருக்குச் சிறுநீரக நோய். தம்பிமார் இருவர் படிக்கின்றனர். பிழையன்று என்றேன். பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யப் போகின்றேன் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டாம், பணத்துக்காகப் போகின்றேன் என்று நேரே சொல்லிக்கொள்ளுங்கள், பெற்றோரைப் பேணுதலும் ஓர் அறமே என்றேன். பதினோராந்தரத்தை யார் எடுப்பார் என்று மாத்திரம் கேட்டேன். அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்பு படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சென்றார். அவ்வகுப்பின் பாடத்திட்டம் முடியும்வரை இருந்து, குறிப்புகளையெல்லாம் எழுதிவைத்து, அதன்பின்னரே விமானம் ஏறினார். அக்குறிப்புப் புத்தகத்தை அடுத்து வந்த ஆசிரியர் இன்றும் வைத்திருக்கின்றார், யான் பார்த்தேன்.

சென்ற குருபூசைக்குச் சொற்பொழிவு எழுதிக்கொடுக்கும்பொழுது பழைய வாக்கியத்தை நீக்கினேன். இளம் ஆசிரியரொருவர் ஒன்பது மாதம் இரண்டிடத்திலும் நின்று, புதிய பள்ளியொன்றை ஆக்கி, அதன்பின் விலகினார் என்று எழுதினேன். பேசிய சிறுவன் நன்றாகத் தொடங்கினான். அவ்விடம் வந்ததும் தடுமாறி, கூரையைப் பார்த்து, "உத்தியோகத்தைத் துரும்பென உதறிவிட்டு" என்று முழங்கினான். சபையிலே பெருங் கைதட்டல். இறங்கி வந்தபின் கேட்டேன். தமையன் மூன்றாண்டுக்கு முன் பேசிய தாளை வைத்து வீட்டிலே பழகியதாகச் சொன்னான். அந்தத் தாளும் என் கையெழுத்தே.