பழைய கால்பந்து அட்டைகள்: பொழுதுபோக்கா, முதலீடா?

மாட்டுங்காவைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர், மகளின் கல்லூரிப் படிப்புக்கென வைத்திருந்த வைப்பு நிதியை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். பழைய கால்பந்து வீரர் அட்டைகளை வாங்கி, பின்னர் அதிக விலைக்கு விற்பது அவர் எண்ணம்.

அவ்வாசைக்குக் காரணம் உண்டு. 1958இல் ஸ்வீடனில் வெளியான பெலேயின் அட்டை ஒன்று, 2022இல் 13 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. ஆயினும், பழைய அட்டைகள் அனைத்தும் அவ்விலை பெறுவதில்லை. சிறுவர் கையில் மடிந்தும் கிழிந்தும் பெரும்பாலானவை அழிந்துவிட, மூலை மழுங்காமல் எஞ்சிய மிகச் சிலவற்றுக்கே அம்மதிப்பு.

வைப்பு நிதிக்கு வட்டி உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு. அட்டைக்கு இரண்டும் இல்லை. பணம் தேவைப்படும் நாளில் வாங்குவோர் கிடைக்க வேண்டும், ஏலக் கட்டணம் கழியும், போலிகளும் உலவுகின்றன. மும்பையின் மழைக்கால ஈரத்தில் அட்டை நெளிந்தால் மதிப்பும் குறையும்.

எனவே, சேகரிக்க விரும்புவோர் குடும்பச் செலவும் சேமிப்பும் போக எஞ்சும் தொகையில் மட்டும் வாங்குதல் நன்று. தரச்சான்றும் ரசீதும் கேட்டுப் பெறுக. கடன் பெற்று வாங்குதல் கூடாது.

அவ்வாடிக்கையாளர் வைப்பைத் தொடர்ந்தார். மகள் இப்போது கல்லூரியில் பயில்கிறார். தந்தையோ மாதம் ஓர் அட்டை வாங்கிச் சேர்க்கிறார்.