ஒரே ஒரு டாஷ்போர்டுக்கு மாடல் வேண்டாம்

பழைய விசைப்படகின் வீல்ஹவுஸில் சீக்கிரம் கெட்டுப்போவது டாஷ்போர்டுதான். மீட்டருக்காக அறுத்த ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் பிளைவுட் உப்புநீரைக் குடித்து உப்பி, அடுக்கடுக்காகப் பிரியும். அதைக் கழற்றிவிட்டு ஃபைபரில் ஒன்று செய்துகொள்ளலாம் என்று பட்டறையில் கேட்டால், முதலில் மரத்தில் மாடல் செய்து, அதன்மேல் மோல்டு எடுத்து, மோல்டுக்குள் பொருளை வார்க்க வேண்டும் என்பார்கள். அவர்கள் சொல்வது அவர்களுடைய தொழிலுக்குச் சரி. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை நெடுகப் பெருகிய ஃபைபர் படகுகளெல்லாம் அப்படி வந்தவைதான். ஒரு மோல்டிலிருந்து எத்தனையோ படகுகள் பிறப்பதால், மாடலைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கூலி அத்தனை படகுகளுக்கும் பங்காகிவிடும். உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதற்காக மாடலை ஒருமுறை, மோல்டை ஒருமுறை, பொருளை ஒருமுறை என்று மூன்று தடவை மெருகேற்றுவது வீண். கடையில் ஏற்கெனவே பளபளப்பாகக் கிடைக்கும் சன்மைக்கா ஒட்டிய பலகையைக் கொண்டு நேரடியாக மோல்டையே பெட்டிபோல் அடித்துவிடலாம். மெருகு வேலை முழுவதையும் பலகைக் கம்பெனிக்காரர் நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்.

வளைவுகள் எப்படி வரும் என்று கேட்பீர்கள். காரின் டாஷ்போர்டுபோல் நெளிந்து வழியும் வடிவம் இந்த முறையில் வராது. அது வேண்டுமென்றால் மாடல்தான் வழி. ஆனால் மீட்டர் உட்கார சமதளம் வேண்டும், ஜிபிஎஸ்ஸுக்கும் எக்கோ சவுண்டருக்கும் சமதளம் வேண்டும், வயர்லெஸ் செட்டுக்கும் வேண்டும். படகு டாஷ்போர்டு என்பது நான்கைந்து சமதளங்கள் வெவ்வேறு சாய்வில் சேர்ந்த ஒன்று, அவ்வளவே. வளைவு தேவைப்படுவது விளிம்புகளில் மட்டும். மோல்டே இல்லாமல் பிளைவுட்டை அடித்து அதன்மேல் மேட் ஒட்டினால் என்ன என்பது அடுத்த கேள்வி. ஒட்டலாம். அப்போது கண்ணில் படும் முகம் ஃபைபரின் சொரசொரப்பான பக்கமாக இருக்கும். பட்டி பூசித் தேய்த்து, மறுபடி பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் இரண்டு மோல்டு செய்துவிடலாம்.

முதலில் அட்டை. டிவி, ஃபிரிட்ஜ் வந்த கெட்டி அட்டையில், ஹாட் குளூ வைத்து, முழு அளவில் டாஷ்போர்டு ஒன்றைப் படகுக்குள்ளேயே ஒட்டுங்கள். பழைய படகில் இடது பக்கத்தை அளந்து வலதுக்கும் அதுவே என்று எடுக்கக் கூடாது. வருடக்கணக்காக அலையடித்த மரச்சட்டம் நேராக இருக்காது. மீட்டர்களின் வட்டத்தை அட்டையில் வரைந்து, சுக்கானைப் பிடித்தபடி நின்று பாருங்கள். சிறிய மீட்டருக்குப் பெரும்பாலும் 52 மில்லிமீட்டர் துளை, ஆர்பிஎம் மீட்டருக்கு 85. கையில் இருக்கும் மீட்டரை அளந்த பிறகே நம்புங்கள். திசைகாட்டியின் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, ஸ்பீக்கர், வைப்பர் மோட்டார் போன்றவற்றை அதைவிட்டுத் தள்ளி வையுங்கள். சுக்கானின் பாரம் டாஷ்போர்டில் விழவே கூடாது. அது பின்னாலிருக்கும் சட்டத்தில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். அட்டையை அப்படியே விட்டு ஒருநாள் தொழிலுக்குப் போய்வரச் சொல்லுங்கள். எந்த மீட்டர் மறைகிறது, எதில் முழங்கை இடிக்கிறது என்று ஓட்டுநர் வந்து சொல்வார்.

மோல்டில் எல்லோரும் தடுக்கி விழுவது இடவலத்தில். மோல்டு என்பது உள்வெளி மாறிய டாஷ்போர்டு. உள்ளே எட்டிப் பார்த்தால் இடது வலதாகத் தெரியும். காகிதத்தில் கணக்குப் போட்டு மாற்றி அறுக்க முயல்பவர்கள் பலகையைப் பாழாக்குகிறார்கள். கணக்கே வேண்டாம்: அட்டை மாதிரிக்கு உட்புறம் ரீப்பர் கொடுத்து விறைப்பாக்கி, மேசையில் குப்புறக் கவிழ்த்து, அதன் வெளிமுகத்தைத் தொட்டபடி 12 மில்லிமீட்டர் சன்மைக்கா பலகைகளை அறுத்துச் சுற்றிலும் பொருத்துங்கள். பளபளப்பு முகம் அட்டையைப் பார்த்து இருக்க வேண்டும். பிறகு அட்டையை உருவி எடுத்தால் மிச்சமிருப்பது மோல்டு. திருகுகள் எல்லாம் வெளியிலிருந்து போக வேண்டும், பசை ஒரு சொட்டும் கூடாது. வார்த்து முடிந்ததும் மோல்டைத் துண்டு துண்டாகக் கழற்றப்போகிறோம். மாடல் முறையில் பொருள் மோல்டிலிருந்து வெளியே வருவதற்காகவே ஒவ்வொரு சுவரும் சில பாகை சாய்ந்திருக்க வேண்டும். உள்நோக்கி ஒடுங்கும் இடம் இருந்தால் மோல்டையே இரண்டாகப் பிரித்துச் செய்ய வேண்டும். கழற்றும் மோல்டில் அந்தத் தலைவலி இல்லை. என் கணக்கில் சன்மைக்கா முறைக்குப் பளபளப்பைவிடப் பெரிய நியாயம் இதுதான்.

விளிம்பு உருண்டையாக வேண்டுமே! மோல்டின் உள்மூலையில் மாடலிங் களிமண்ணைத் திரியாக வைத்து, 8 அல்லது 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள குண்டையோ கரண்டிக் காம்பின் உருண்டை முனையையோ வைத்து ஒரே இழுப்பாக இழுங்கள். அதைவிடக் கூரான மூலையில் மேட் படியாது, பின்னால் காற்று நிற்கும், வெளியே எடுத்ததும் முட்டை ஓடுபோல் உடையும். சிலிக்கான் சீலன்ட் சுலபம் என்பார்கள், வேண்டாம். அது பட்ட இடத்தில் ஜெல்கோட் ஒட்டாமல் சுழித்துக்கொண்டு குழியாகும். மீட்டர்களின் வளையம் பலகையோடு சமமாக அமிழ வேண்டுமானால், 3 மில்லிமீட்டர் சன்மைக்கா வட்டங்களை ஓரம் சரித்து அந்தந்த இடத்தில் ஒட்டுங்கள். துளைகளை மட்டும் மோல்டில் செய்யாதீர்கள், பிறகு ஹோல்சா போட்டால் போதும். அடுத்து மெழுகு பாலிஷ் மூன்று நான்கு தடவை, ஒவ்வொன்றும் உலர்ந்த பின் துடைத்து. அதன்மேல் பிவிஏ ஒரு பூச்சு. பிவிஏ மேற்பரப்பைக் கொஞ்சம் மங்கலாக்கும் என்று படகுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். டாஷ்போர்டு மங்கலாகத்தான் இருக்க வேண்டும். பளபளத்தால் வெயில் பட்டு முன் கண்ணாடியில் எதிரொளித்துக் கடலை மறைக்கும். அதனால்தான் வெள்ளை ஜெல்கோட்டும் கூடாது. நடுத்தரச் சாம்பல், வேறு நிறம் பேசாதீர்கள்.

இனி ஜெல்கோட். கெடுவதெல்லாம் இங்கேதான் கெடுகிறது. தடிமன் அரை மில்லிமீட்டர் வர வேண்டும். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 600 கிராம். கண்ணால் மதிப்பிடாமல் எடை போட்டு, இரண்டு பாதியாக, முதல் பூச்சு இறுகிய பின் இரண்டாவதைக் குறுக்காகப் பூசுங்கள். மெல்லிதாகப் போனால், அல்லது சரியாக இறுகுமுன் அவசரப்பட்டு மேட் போட்டால், ரெசினிலுள்ள ஸ்டைரீன் ஜெல்கோட்டுக்குள் இறங்கி அதை உப்ப வைத்துச் சுருக்கிவிடும். இது கழற்றும்வரை தெரியாது. தெரியும்போது யானைத்தோலாக இருக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் நிறம் ஒட்டக் கூடாது. அதுதான் மேட் போடும் நேரம். கேட்டலிஸ்ட் எடையில் 1 முதல் 2 சதவீதம். சித்திரை வெயிலில் சீக்கிரம் இறுகுகிறதே என்று ஒன்றுக்குக் கீழே குறைப்பவர்கள் உண்டு. அப்போது மெதுவாக இறுகுவதில்லை, முழுதாக இறுகாமலே நின்றுவிடும். வெயில் ஏறும் முன் வேலையைத் தொடங்குங்கள், கலவையைச் சிறிது சிறிதாகக் கலக்குங்கள். ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதையும் மறக்கக் கூடாது. பள்ளமான மோல்டின் அடியில் அது தேங்கினால் மேலே இறுகியும் அடியில் ஈரமாகவே இருக்கும். மோல்டைச் சாய்த்து வைத்து ஆவியை வழியவிடுங்கள். பல மணி நேரம் கழித்தும் மூலை மட்டும் இறுகவில்லை என்று ரெசினைத் திட்டுபவர்கள் இதைச் செய்யாதவர்கள்.

ஒரு விதிக்கு விலக்கே இல்லை. கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட். அது கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், ஆகவே கண்ணாடி கட்டாயம். துணி மாஸ்க் தேய்க்கும் தூசுக்குத்தான். ஆவிக்குக் கார்ட்ரிட்ஜ் வைத்தது வேண்டும்.

மேட் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலில் 300 கிராம் மேட் ஒன்று, பிறகு 450 கிராம் இரண்டு. மேட்டின் எடைக்கு இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு ரெசின், இரும்பு ரோலரால் காற்றை விரட்டுங்கள். மூன்று மில்லிமீட்டர் போதுமா என்று தோன்றும். மடிப்புகள் விறைப்பைத் தருவதால் போதும்; பெரிய சமதளத்துக்கும் திருகு போகும் இடத்துக்கும் பின்னால் ஐஎஸ் 710 மரைன் பிளைவுட் துண்டு வைத்து மேலே மேட் மூடிவிடுங்கள். அன்றைக்கே வைத்துவிடாதீர்கள். ரெசின் இறுகும்போது சுருங்கும். முன்னால் போட்ட அடுக்குகள் நன்றாக இறுகியிருக்காவிட்டால் துண்டின் விளிம்பு முகப்பில் கோடாகத் தெரியும்.

இரண்டு நாள் மோல்டிலேயே கிடக்கட்டும். திருகுகளைக் கழற்றி, ஒட்டிக்கொண்ட இடத்தில் தண்ணீர் விட்டால் பிவிஏ கரைந்து பலகை விலகும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், மர ஆப்பு போதும். துளைகளை முகப்பிலிருந்து அறுங்கள், பின்னாலிருந்து அறுத்தால் ஜெல்கோட் சில்லு சில்லாகப் பெயரும். அறுத்த ஓரங்களுக்கெல்லாம் ரெசின் தடவுங்கள். உள்ளே பிளைவுட் இருக்கிற துளையில் இதை விட்டால் பழைய கதைதான். பொருத்துவதற்கு 316 ஸ்டெயின்லெஸ் திருகு. வயர்களை ஓரடி கூடுதலாக விட்டால்தான் பின்னால் முகப்பைக் கழற்றிப் பார்க்க முடியும். திசைகாட்டிக்கு அருகில் போகும் பிளஸ், மைனஸ் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். எல்லாம் மாட்டியதும் கருவிகளை ஒவ்வொன்றாக ஸ்விட்ச் போட்டுத் திசைகாட்டியைப் பாருங்கள்; எதைப் போட்டதும் அது நகர்கிறதோ, அந்தக் கருவியைக் கடலுக்குப் போகுமுன் இடம் மாற்றிவிடுங்கள்.