சிவகாசியிலிருந்து புதுச்சேரிக்கு: பிள்ளைகளோடு மூன்று நாள்

மே மாதம் பிறந்தால் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வீடுகளில் பதின்வயதுப் பிள்ளைகளின் நச்சரிப்பு தொடங்கிவிடும். கொடைக்கானலும் கன்னியாகுமரியும் அவர்களுக்குப் பழசு. பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் ஒரு பிரெஞ்சு நகரத்தைக் காட்ட வேண்டும் என்றால் புதுச்சேரிதான் வழி. 1674இல் பிரெஞ்சுக்காரர்கள் காலூன்றிய அந்த ஊரின் நிர்வாகம் 1954 நவம்பர் 1இல்தான் இந்தியாவின் கைக்கு வந்தது.

முதல் வேலை, கிழமையை முடிவு செய்வது. வெள்ளி மாலையிலிருந்து சென்னை, பெங்களூர்க் கார்கள் ஊரை நிறைத்துவிடும். அறை வாடகையும் ஏறும். திங்களன்று அருங்காட்சியகம் விடுமுறை. செவ்வாயன்று ஆரோவிலின் தியான மண்டபமான மாத்ரிமந்திர் மூடியிருக்கும். ஆகவே திங்கள் இரவு ரயிலேறி, செவ்வாய் ஊருக்குள், புதன் ஆரோவில், வியாழன் கடல் என்று வைத்துக்கொள்வது நல்லது. நோட்டுப் புத்தக அச்சகங்களில் வேலை பார்ப்பவர்களுக்குப் பள்ளி திறப்புக்கு முந்தைய வாரங்கள் மூச்சுவிட முடியாதவை. அவர்கள் விடுப்பை உறுதி செய்துகொண்டே டிக்கெட் எடுக்க வேண்டும்.

ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்குகிறது. பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசி, விருதுநகர் இரண்டிலும் நின்று, விடியுமுன் விழுப்புரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர், பேருந்துக்குப் பஞ்சமில்லை. விடுதிகள் நண்பகலில்தான் அறை தருவது வழக்கம் என்பதால், காலையில் பையை வைக்க இடம் கிடைக்குமா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடலாம்.

அடுத்தது முக்கியம்: ஒரு நாள் திட்டத்தைப் பிள்ளைகளே போடட்டும். பெரியவர்கள் இழுத்துக்கொண்டு போகும் பயணத்தில் அவர்கள் கண் செல்போனை விட்டு நகராது. பட்ஜெட்டைச் சொல்லி, வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டால் அவர்களே வழிகாட்டுவார்கள். பிரெஞ்சுப் பகுதியின் தெருக்கள் கோடு போட்டாற்போல நேராக ஓடுவதால் தொலைந்துபோக வாய்ப்பு குறைவு. வாடகை சைக்கிள் எடுத்தால் பிரேக்கைச் சோதித்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதியில்லை. பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம், காந்தி சிலை எல்லாவற்றையும் அந்த நேரத்திலேயே நடந்து பார்த்துவிடலாம். அக்னி நட்சத்திர வெயிலில் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை கூரைக்கு அடியில் இருப்பதே புத்திசாலித்தனம். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் உள்ள பாரதியார் இல்லம் அதற்குத் தோது. எட்டயபுரத்துக் கவிஞர் 1908 முதல் 1918 வரை பிரிட்டிஷ் போலீஸ் கைக்கு எட்டாமல் வாழ்ந்த ஊர் இது என்று தெரிந்தால், பாடப்புத்தகத்துப் பாரதி பிள்ளைகளுக்கு வேறு ஆளாகத் தெரிவார்.

சிவகாசிக்காரர்கள் தவறவிடக் கூடாத இடம் ஒன்று உண்டு: அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்யும் காகிதத் தொழிற்சாலை. பருத்தித் துணித் துணுக்குகளை அரைத்த கூழைத் தொட்டியில் கலக்கி, சட்டமிட்ட சல்லடையால் ஒவ்வொரு தாளாக அள்ளுகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் சல்லடையில் ஈரத்தாள் படிந்து நிற்கும். ஆஃப்செட் இயந்திரச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை, காகிதம் உருவாவதை அங்கே கண்ணால் காணலாம். பணி நாளில் போய், அனுமதி கேட்டுவிட்டு உள்ளே செல்ல வேண்டும்.

மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்க்க ஆரோவில் பார்வையாளர் மையத்தில் இலவச அனுமதிச் சீட்டு தருகிறார்கள். உள்ளே தியானத்தில் உட்கார முன்கூட்டியே பதிவு வேண்டும். பத்து வயதுக்குக் குறைந்த தம்பி தங்கைகளுக்கு அனுமதியில்லை.

கடலில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கண்மாயிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியதை நம்பி வங்கக்கடலில் இறங்க விடாதீர்கள். கடற்கரைச் சாலைப் பாறைகள் வழுக்கும். சுண்ணாம்பாறு படகுத் துறையிலிருந்து படகில் மணல்திட்டுக்குப் போய், பெரியவர் ஒருவர் உடனிருக்கக் கால் நனைத்தால் போதும். வியாழன் மாலை விழுப்புரம் பேருந்தைக் கடைசி நேரத்துக்கு விடாமல், ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள்.