கை கழுவும்போது தொடங்கும் தோல் நோய்

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களில் இன்று ஃபைபர் படகுகளே மிகுதி. படகில் விரிசல் கண்டால் கண்ணாடி இழைத் துணியை விரித்து, ரெசின் பூசி ஒட்டுகின்றனர். வேலை முடிந்ததும் பிசுபிசுக்கும் கையைத் தின்னராலோ மண்ணெண்ணெயாலோ துடைத்து, சலவைத் தூள் கொண்டு தேய்த்துக் கழுவுகின்றனர். நோய் பல வேளைகளில் இங்கேதான் தொடங்குகிறது.

தோலின் மேலடுக்கு ஒரு செங்கற்சுவரை ஒத்தது. (கொத்தனார்களுக்கு இதை விளக்குவது எனக்கு எப்போதும் எளிதாக இருந்திருக்கிறது.) செல்கள் செங்கற்கள் எனில், அவற்றின் இடையேயுள்ள கொழுப்புதான் கலவை. ரெசினைக் கரைக்கும் தின்னர் அக்கொழுப்பையும் கரைத்துவிடும். சுவர் தளர்ந்தபின் தோலின் ஈரம் வெளியேறும். ரசாயனம் உள்ளே புகும். ஆகவே ரெசின் இறுகுமுன் தேங்காய் எண்ணெயால் துடைத்தெடுத்து, மென்மையான சோப்பால் கழுவுங்கள். கையை ஒற்றித் துடைத்த உடனே வாசலின் தடவுங்கள்.

சிமெண்டின் கேடு வேறு வகையானது. ஈரச் சிமெண்ட் கடுங்காரம் உடையது. காலணிக்குள் புகுந்தால் முதலில் வலியே இராது. சில மணி நேரம் கழித்து ஆழமான புண் தென்படும். எனவே எரிச்சலுக்காகக் காத்திராமல் காலணியைக் கழற்றி, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, பற்பசை, மை எதையும் பூச வேண்டா. கண்ணில் பட்டால் அவ்வாறே கழுவிக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

சிமெண்டிலுள்ள குரோமியம் ஒவ்வாமையையும் உண்டாக்கும். ஒருமுறை ஏற்பட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். பலர் தொழிலையே கைவிட நேர்கிறது. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமெண்டில் கரையும் அறுவலுக் குரோமியத்திற்குப் பத்து லட்சத்தில் 2 பங்கு என வரம்பு விதித்தது. விரலிடுக்கில் வறட்சியும் வெடிப்பும் தோன்றும்போதே வந்துவிடுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு நோயை மறைக்குமே தவிர, காரணத்தை நீக்காது.

துணிக் கையுறை ஈரச் சிமெண்டை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும்; அதற்கு வெறுங்கையே மேல் என்பேன். நைட்ரைல் கையுறை அணியுங்கள். உள்ளே நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

மருத்துவமனைக்கு வரும்போது ரெசின் டப்பா, சலவைத் தூள் உறை ஆகியவற்றின் எழுத்துகளைக் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். தேவைப்பட்டால் முதுகில் ஒட்டுச் சோதனை செய்வோம்; ஒட்டிய பட்டை இரண்டு நாள் நனையக் கூடாது.