அருகிலேயே ஒரு யாத்திரை

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் குழந்தைகளோடு, இயற்கைக்குக் கேடு செய்யாத சுற்றுலா ஒன்று போக ஆசை. ஊட்டி, கொடைக்கானலை விட்டால் வேறு இடம் உண்டா? – ஒரு வாசகி, கீழப்பழுவூர்

பதில்: வாகன நெரிசல் தாங்கமாட்டாமல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கேட்கும் அம்மலைகளைத் தேடித் தாங்கள் அலைய வேண்டியதேயில்லை, அம்மணி. 1999-இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்று, 2024-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்ற கரைவெட்டி ஏரி, சுமார் 454 ஹெக்டேர் விஸ்தீரணத்தோடு, தங்கள் ஊருக்கு அண்மையிலேயே விரிந்து கிடக்கிறது. காவிரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து ஏரியை நிரப்பியபின், வெண்ணிறத் தலையில் இரு கரும்பட்டைகள் துலங்க, இமயத்தையே தாண்டி வந்திறங்கும் வரித்தலை வாத்துக்களைத் தரிசிக்க மார்கழியும் தையுமே உகந்த காலம்.

பஸ்ஸிலோ சைக்கிளிலோ புறப்பட்டு, விடியற்காலையிலேயே கரையை அடைந்துவிடுங்கள். குழந்தைகளுக்குப் பளிச்சென்ற வர்ணங்களைத் தவிர்த்து மங்கிய நிற ஆடை உடுத்தி, கட்டுசாதத்தைத் தூக்குச்சட்டியில் எடுத்துச் சென்றால், பறவைகளும் மிரளா; பிளாஸ்டிக் குப்பையும் சேராது. தேநீரையும் தின்பண்டத்தையும் ஏரியை ஒட்டிய ஊர்க் கடையிலேயே வாங்கினால், தங்கள் பணத்தில் ஒரு பகுதியேனும் அந்தக் கிராமத்திலேயே தங்கும். வெயில் ஏறியதும் திரும்பி, தங்கள் ஊர் ஆலந்துறையார் கோயிலையும், பழுவேட்டரையர் காலத்ததான கீழையூர் இரட்டைக் கோயிலையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

பர்ஸுக்கும் பூமிக்கும் ஒருங்கே பாரமில்லாத இத்தகைய பிரயாணத்தை இந்த விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.