மனைக்குப் போகும் பாதை

சிரஞ்சீவி சேகருக்குப் பெரியப்பா அநேக ஆசீர்வாதம். உன் கடிதமும், இரண்டு மனைகளின் படங்களும் வந்து சேர்ந்தன.

வல்லத்துப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டுவதென்று நீ நிச்சயித்திருப்பது எனக்குப் பரம சந்தோஷம். உன் அப்பாவின் காலம் முழுவதும் ஏன் வாடகை வீட்டிலேயே கழிந்தது என்பது உனக்குத் தெரியுமாதலால் அதை இங்கே எழுதிச் சங்கடப்படுத்த மாட்டேன். இரண்டில் எது உசிதம் என்று என் அபிப்பிராயம் கேட்டிருக்கிறாய். அது முற்றிலும் நீயும் மருமகளும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டிய காரியம். நான் எந்தப் பக்கமும் சாயப் போவதில்லை.

முதல் மனை நான்கு சென்ட், விலை சகாயம், தென்னை நிழல், கிணற்று ஜலம் தித்திப்பு என்றெல்லாம் ரசித்து வர்ணித்திருக்கிற நீ, ரோட்டிலிருந்து அந்த மனைக்குப் போகும் வழியைப் பற்றி மாத்திரம், "பாதை விற்பவருடைய நிலத்திலேயே போகிறது, அவர் ரொம்ப நல்ல மனுஷர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த ஒரு வரியை நான் எத்தனை தரம் படித்தேன் என்பதைப் பெரியம்மாவிடம் கேள்.

நம் மேலக்கொல்லைக்குப் போகும் வழியில் வேலி போட்டவரும் அதற்கு முந்தின நாள் வரையில் நல்ல மனுஷராகத்தான் இருந்தார், சேகர். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகையில், "வண்டிப்பாதைப் பாத்தியம் உள்பட" என்று ஒரு வாசகம் சேர்க்கட்டுமா என்று பத்திரம் எழுதுகிறவர் கேட்டதும், அண்ணன் தம்பிக்குள் அதையெல்லாம் எழுதுவது அகௌரவம் என்று உன் தாத்தா தடுத்ததும் நீ பலமுறை கேட்டுச் சலித்த கதை. நான் ஆரம்பித்தாலே பெரியம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். போகட்டும். நடவு நாளன்று வண்டி உள்ளே போக முடியாமல், நாற்றுக் கட்டுகளைத் தலைச்சுமையாக வாய்க்கால் வரப்பைச் சுற்றிக் கொண்டுபோனவர்களில் உன் அப்பாவும் ஒருவன். இருபது வருஷம் தடையின்றியும் பகிரங்கமாகவும் உரிமையோடு அனுபவித்த வழிக்குப் பாத்தியதை உண்டு என்று 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டத்தைக் காட்டி நம் வக்கீல் முன்சீப் கோர்ட்டில் வாதிக்க, அது உறவு முறைக்காகக் கொடுத்த அனுமதியேயன்றி உரிமை அன்று என்று எதிர்த்தரப்பு மறுக்க, கமிஷனர் வந்து அளக்க, வாய்தாவுக்குமேல் வாய்தாவாகப் போய், கடைசியில் வேலி போட்டவருக்கே, அவர் சொன்ன விலைக்கே, அந்தக் கொல்லையைக் கிரயம் செய்து கொடுத்துவிட்டு வந்தோம். அவர் பெயரைக்கூட நான் எழுத விரும்பவில்லை.

வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது என்கிறாய். பதிவான பத்திரங்கள்தாம் வில்லங்கச் சான்றில் வரும். கால் நடந்து உண்டான பாதை அதில் வராது. ஆகையால் புலப்படத்தையும் அ-பதிவேட்டு நகலையும் வாங்கி, அந்தப் பாதை வண்டிப்பாதைப் புறம்போக்காகக் கண்டிருக்கிறதா, விற்பவர் பட்டாவிலேயே அடங்கியிருக்கிறதா என்று முதலில் பார். பட்டாவில் அடங்கியதானால், பாதையின் சர்வே நம்பர், நீளம், அகலம், ஆளும் வண்டி வாகனமும் சென்றுவரவும் குழாயும் மின்சாரக் கம்பியும் கொண்டு செல்லவும் உள்ள பாத்தியம் ஆகிய அனைத்தையும் கிரயப் பத்திரத்தில் எழுதிப் பதிய அவர் சம்மதித்தாலன்றி ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதே. நல்ல மனுஷர் அல்லவா, எழுதித் தரட்டுமே! தவிரவும், அந்த மனை அங்கீகாரமில்லாத துண்டாக இருந்து, 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்குள் மனையாகப் பதிவாகாததாயின், அதை வரன்முறைப்படுத்தும் வாய்ப்பும் கிடையாது.

இரண்டாவது மனை 2¾ சென்ட்தான். ஆனால் நகர் ஊரமைப்பு அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு. அதன் சாலைகளைத் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைத்திருக்கிறார்கள். அங்கே வேலி போட எவனுக்கும் அதிகாரமில்லை. தென்னை இல்லை என்று குறைப்படுகிறாய். வைத்தால் வளர்ந்துவிட்டுப் போகிறது. வல்லத்துச் செம்மண் மேடு, அஸ்திவாரத்துக்கு நம் ஊர்க் களிமண் கொடுக்கும் உபத்திரவத்தைக் கொடுக்காது. வாஸ்து சமாசாரம் மருமகளின் தகப்பனார் பார்த்துக்கொள்வார். அதில் நான் தலையிடவில்லை. வாசலில் ஒரு திண்ணை மட்டும் விடு. இனி உன் இஷ்டம்.

வழக்கம்போல உபதேசம் செய்துவிட்டேன் என்று மனம் வருந்தாதே, கண்ணே. நம் குடும்பத்தில் உன்னைப் போலச் சமர்த்தன் இதுவரை பிறந்ததில்லை. கடன் ஏற்பாட்டையெல்லாம் நீயே தனியாகச் செய்திருக்கும் திறமையை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். எந்த மனையை வாங்கினாலும் பூமி பூஜைக்கு நாங்கள் இருவரும் முந்தின நாளே வந்துவிடுவோம். பெரியம்மா நிலைவாசலுக்கென்று கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிடாதே, அழுவாள். குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

ஆசிகளுடன்,
பெரியப்பா

பி.கு.: புலப்படம் கிடைத்ததும் எனக்கொரு நகல் அனுப்பு. இரண்டு மனைக்கும்.