வெள்ளையடித்தால் வீடு பெரிதாகுமா?

சின்ன வீட்டைப் பெரிதாகக் காட்டுவதற்கு வார இதழ்களின் வீட்டு அலங்காரப் பக்கங்களிலும் யூடியூபிலும் பத்துப் பன்னிரண்டு யோசனைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. சுவருக்கு வெள்ளை அடியுங்கள், ஆளுயரக் கண்ணாடி மாட்டுங்கள், சமையலறைச் சுவரை இடித்துத் திறந்துவிடுங்கள், சோபா கம் பெட் வாங்குங்கள், பால்கனியை அடைத்து அறையாக்குங்கள். இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். ஆனால் எல்லாமே ஒரே கேள்விக்குச் சொல்லப்படும் பதில்கள்: உள்ளே நுழைகிற விருந்தாளியின் கண்ணுக்கு வீடு எப்படித் தெரியும்? சென்னையில் ஒரு படுக்கையறை ஃபிளாட்டில் குடியிருக்கும் நான்கு பேர் குடும்பத்துக்குக் கேள்வியே வேறு. காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவில் ஒருவர் குளிக்க, ஒருவர் தாளிக்க, ஒருவர் சீருடைக்கு இஸ்திரி போட, ஒருவர் பைக் சாவியைத் தேட, யாரும் யார்மீதும் இடித்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா? சின்ன வீட்டை அந்த இரண்டு மணி நேரத்தை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி. அப்படி மதிப்பிட்டால் மேற்சொன்ன யோசனைகளில் பாதி தலைகீழாகிவிடுகிறது.

இருக்கிற இடம் எவ்வளவு என்பதிலேயே முதல் மயக்கம். விற்பவர் 600 சதுர அடி என்பார். படிக்கட்டின் பங்கு, லிஃப்டின் பங்கு, வெளிச்சுவரின் கனம் எல்லாம் அதற்குள் அடக்கம். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் ஏரியாவுக்கு ஒரு வரையறை தந்தது: வெளிச்சுவர், பால்கனி, குழாய் போகும் இடைவெளி எல்லாவற்றையும் கழித்து, உள்சுவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு மிஞ்சுகிற தரை. சட்டம் அத்துடன் நின்றுவிடுகிறது. குடியிருப்பவர் இன்னும் கழிக்க வேண்டியிருக்கிறது. பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்வோம். குவீன் சைஸ் கட்டில் ஐந்தடிக்கு ஆறரை அடி, 32.5 சதுர அடி போயிற்று. ஐந்தடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு அலமாரி, பத்து. மூன்றடிக் கதவு திறந்து மூட வட்டத்தில் கால் பங்கு, அதில் ஏழு. பாதி அறை முடிந்தது. மீதிப் பாதி எங்கே கிடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விளம்பரப் படங்களில் வருவதுபோல் கட்டிலை நடுவில் போட்டால் இரு பக்கமும் இரண்டரை அடி மிஞ்சும். கால்மாட்டுச் சுவரில் அலமாரியை வைத்தால் கட்டிலுக்கும் அதற்கும் இடையே ஒன்றரை அடிதான். கட்டில்மேல் முழங்கால் ஊன்றித்தான் புடவை எடுக்க வேண்டும். அதே கட்டிலை மூலையில் சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிர்ப் பக்கச் சுவரில் அலமாரியை வைத்துப் பாருங்கள். மூன்றடி அகலத்தில் அறையின் நீளம் முழுக்க ஒரே துண்டாகத் தரை கிடைக்கிறது. பிள்ளை உட்கார்ந்து படிக்கலாம், துணி மடிக்கலாம். சுவர்ப் பக்கம் படுப்பவர் இரவில் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பார்கள். உண்மைதான். இரவில் ஒருமுறை படும் சிரமத்தையும் பகல் முழுக்கப் படும் சிரமத்தையும் எடை போட்டுக்கொள்ள வேண்டியது அந்த வீட்டார்.

இனி வெள்ளைச் சுவர். வெள்ளைப் பெயின்ட் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். விழுகிற வெளிச்சமே இல்லாவிட்டால் எதைத் திருப்பி அனுப்பும்? சென்னையின் நெருக்கமான அடுக்குமாடிகளில் பல அறைகளின் ஜன்னல் தெருவைப் பார்ப்பதில்லை, ஓ.டி.எஸ். என்று கட்டடக்காரர்கள் சொல்லும் திறந்தவெளிக் குழிக்குள் பார்க்கிறது. அந்தக் குழியின் சுவர்கள் பாசி படிந்து கறுத்திருக்கும். அறைக்குள் மூன்று கோட்டிங் வெள்ளை அடிப்பதைவிட, குடியிருப்போர் சங்கத்தில் பேசி அந்தக் குழிச் சுவர்களுக்கு வெள்ளை அடித்தால் எல்லா மாடிக்கும் பகல் வெளிச்சம் கூடும். உள்ளே செலவழிப்பதானால் கூரையின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் போதும். கைபடும் சுவர்களுக்கு எண்ணெய்க் கறையும் குழந்தைகளின் விரல் தடமும் தாங்குகிற, துடைக்கக்கூடிய நிறம் எதுவானாலும் சரி. கண்ணாடியைப் பற்றி ஒரு வரி போதும்: எதிரில் இருப்பதைத்தான் அது இரட்டிப்பாக்கும். எதிரில் ஜன்னல் இருந்தால் வெளிச்சம், துணிக்கொடி இருந்தால் துணி.

சமையலறைச் சுவரை இடிப்பதுதான் இப்போதைய பெரிய மோகம். கணக்குப் பார்ப்போம். நாலரை அங்குலக் கனத்தில் எட்டடி நீளச் சுவர் அடைத்துக்கொள்ளும் தரை மூன்றே சதுர அடி. அதே அறையின் இரண்டரை அடிக் கதவு திறந்து மூட ஏறக்குறைய ஐந்து சதுர அடியைக் காலியாக விட்டாக வேண்டும். சுவரை விட்டுவைத்து, கதவை மட்டும் பக்கவாட்டில் தள்ளுகிற கதவாக மாற்றினாலே லாபம் அதிகம், தூசியும் குறைவு. தவிர, சுவர் போனால் அதில் மேடைக்கு மேலே அடிக்கக்கூடிய மூன்று வரிசைத் தட்டுகளும் போகும். ஓரடி ஆழம் என்றால் இருபத்துநான்கு சதுர அடித் தட்டு. மூன்றைப் பெற இருபத்துநான்கை இழக்கிறோம். கடுகு வெடித்து, வரமிளகாய் கருகி, மீன் பொரிக்கிற சமையலில் நெடி எங்கே போய்த் தங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய கட்டடங்களில் பாரம் தாங்குவதே செங்கல் சுவராக இருக்கலாம் என்பதால், பொறியாளரைக் கேட்காமல் ஒரு செங்கல்லையும் தொடக்கூடாது.

சமையலறைச் சுவரை விட்டுவைப்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரம் 1920-களில் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டியபோது, மார்கரெட்டே ஷுட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் 1926-ல் ஒரு சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், நம் கணக்கில் ஆறே கால் அடிக்குப் பதினோரு அடி சொச்சம். ரயிலில் உணவுப் பெட்டியின் சமையற்கட்டு எப்படி இயங்குகிறது என்பதையும், சமைப்பவர் ஒரு வேலைக்கு எத்தனை எட்டு வைக்கிறார் என்பதையும் கணக்கில் எடுத்து அவர் வரைந்தது அது. ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அவர் அதைத் திறந்த சமையலறையாக்கவில்லை. தனி அறையாகவே வைத்து, சாப்பிடும் இடத்துக்குப் போகத் தள்ளுகதவு வைத்தார். பிற்காலத்தில் பெண்ணியவாதிகள் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள்: ஒரு ஆள் மட்டுமே நிற்கக்கூடிய அறைக்குள் பெண்ணைத் தனியாக அடைத்துவிட்டது என்று. திறந்த சமையலறைக்காக வாதாடுகிறவர்களின் வலுவான வாதமும் இதுதான், அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு முழுச் சுவரையும் பலி கொடுக்க வேண்டுமா? மேடைக்கு மேலே மூன்றடி அகலத்தில் ஒரு திறப்பு விட்டால் பேச்சும் வரும், தட்டும் கை மாறும், கீழே சுவரும் நிற்கும். தனிமைக்கு மெய்யான மருந்து இரண்டாவது ஆள் உள்ளே வந்து வெங்காயம் நறுக்குவது. அதற்கு மேடை முன்னே மூன்றடி தரை வேண்டும்.

மடக்குச் சாமான்களின் கதை இன்னும் சுவையானது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் காட்டும் உதாரணம் ஹாங்காங்கின் கட்டடக் கலைஞர் கேரி சாங். 32 சதுர மீட்டர், அதாவது 344 சதுர அடி வீட்டில், கூரையிலிருந்து தொங்கி நகரும் சுவர்களை வைத்து 24 விதமாக அறையை மாற்றிக்கொள்கிறார். அபாரமான வேலை, மறுப்பில்லை. ஆனால் அதை அப்படி மாற்றியமைத்தபோது அவர் அங்கே தனியாக வாழ்ந்தவர். அதே வீட்டில் பெற்றோருடனும் சகோதரிகளுடனும் அவர் வளர்ந்த காலத்தில் இந்த நகரும் சுவர்கள் இல்லை. இருந்திருந்தாலும் ஒருவர் தூங்க நினைக்கும் நேரத்தில் இன்னொருவர் சுவரைத் தள்ள முடிந்திருக்காது. பிரெஞ்சுக் கடற்கரையில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1952 வாக்கில் தனக்கென்று கட்டிக்கொண்ட, பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மரக் குடிலும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். அதில் சமையலறையே கிடையாது. ஒட்டியிருந்த உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டார். வீட்டுக்குள் மடக்கிச் சுருட்டும் எந்தச் சாமானும் ரயிலின் நடுப் பெர்த் மாதிரிதான்: ஒருவர் படுக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் உட்காருவதை நிறுத்த வேண்டும். சோபா கம் பெட்டை விரிக்க முன்னால் இருக்கும் டீப்பாயை நகர்த்த வேண்டும், தலையணையை எங்கிருந்தோ எடுக்க வேண்டும், விடிந்ததும் எல்லாம் திரும்ப. பல வீடுகளில் மூன்றே மாதத்தில் அது நிரந்தரப் படுக்கையாகிவிடும்.

பாயும் ஜமக்காளமும் இந்த வேலையை சோபா கம் பெட் வருவதற்கு முன்பே செய்துகொண்டிருந்தன. சுருட்டி மூலையில் நிறுத்தினால் அரையடி இடம், விரிக்க அரை நிமிடம். ‘முழங்கால் வலிக்காரர் தரையில் படுத்து எழ முடியுமா?’ என்பது நியாயமான எதிர்க்கேள்வி. முடியாது. ஆகவே பெரியவர்களுக்குக் கட்டாயம் கட்டில், அதுவும் எப்போதும் விரித்தே கிடக்கிற, உட்கார்ந்து எழ வசதியான உயரமுள்ள கட்டில் வேண்டும். தரையில் படுக்க முடிந்த இளையவர்களுக்குத்தான் பாய். எல்லோருக்கும் ஒரே தீர்வு என்று ஷோரூம்காரர் சொல்வதை வீடு ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

பால்கனியை அடைப்பதும் ஃபால்ஸ் சீலிங் போடுவதும் ஒரே ரகத் தவறுகள்: இரண்டும் காற்றை விற்று அழகையோ இடத்தையோ வாங்குகின்றன. சென்னை போன்ற ஈரவெப்ப ஊர்களில் காற்றோட்டத்துக்கான திறப்பு, அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. நூறு சதுர அடி அறைக்குப் பதினாறு, பதினேழு சதுர அடி. நாலுக்கு நாலு ஜன்னல் இருந்தால் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் இன்று எங்கும் பொருத்தப்படும் இரட்டைக் கதவுத் தள்ளு ஜன்னல் எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும். எட்டு சதுர அடி. மீதியைக் கொடுப்பது பால்கனிக் கதவு. அதையும் கண்ணாடி போட்டு அடைத்தால், கிடைத்த நாற்பது சதுர அடிக்காக ஹால் நாள் முழுக்கப் புழுங்கும், துணி காய இடம் தேடி வீட்டுக்குள் கொடி கட்ட வேண்டிவரும். அதே விதித்தொகுப்பு குடியிருப்பு அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர், அதாவது ஒன்பதடி உயரம் கேட்கிறது. ஒன்பதரை அடி அறையில் முக்கால் அடி ஜிப்சம் தொங்கவிட்டால் அந்த அளவுக்குக் கீழே போகிறோம். ஃபேன் இறக்கையும் தலைக்கு நெருங்குகிறது. மேல்மாடிக்காரர்கள் வெப்பம் குறைகிறதே என்பார்கள். கொஞ்சம் குறையும்தான். அந்தப் பணத்தில் மொட்டைமாடியில் தட்டோட்டைச் சரிசெய்து வெள்ளைப் பூச்சு அடித்தால், வெயில் தளத்துக்குள் இறங்குவதற்கு முன்பே மேலேயே தடுபடும்.

அதிகம் பேசப்படாத ஒன்று, குளியலறை. கழிப்பறையையும் குளியலறையையும் ஒன்றாக்கினால் இடம் மிச்சம் என்பது கட்டுமானத்தில் கிட்டத்தட்ட வேதவாக்கு. விதித்தொகுப்பின் குறைந்தபட்ச அளவுகளையே பாருங்கள்: தனிக் குளியலறைக்கு 1.8 சதுர மீட்டர், தனிக் கழிப்பறைக்கு 1.1, இரண்டும் சேர்ந்ததற்கு 2.8. பிரிப்பதால் கூடுவது 0.1 சதுர மீட்டர், ஒரு சதுர அடி. நடுச்சுவரைச் சேர்த்தாலும் மூன்று சதுர அடிக்குள் முடிந்துவிடும். அதற்குப் பதிலாகக் காலையில் ஒருவருக்குப் பதில் இரண்டு பேர். சின்ன வீட்டில் இதைவிட மலிவான சௌகரியம் எனக்குத் தெரிந்து வேறில்லை. வீட்டைக் கட்டும்போதே கேட்டு வாங்க வேண்டும் என்பது மட்டும்தான் இதில் சிரமம்.

‘சாமானைக் குறையுங்கள், வீடு தானே பெரிதாகும்’ என்ற உபதேசம் கடைசி நம்பிக்கை. மறுபடி வாங்க வசதி உள்ளவர்களுக்கு அது பொருந்தும். ஆண்டுக்கொருமுறை எடுக்கும் கொலுப்பொம்மையையும் விருந்தாளி வந்தால் விரிக்கும் கூடுதல் படுக்கையையும் தூக்கியெறிந்துவிட்டுத் தேவைப்படும்போது வாங்குவது எல்லோராலும் ஆகாது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது வீட்டைக் காத்தவை வரிசையாக நின்ற குடங்களும் டிரம்மும்தான். அவற்றுக்கு இடம் ஒதுக்காத வடிவமைப்பு இந்த ஊருக்கான வடிவமைப்பே இல்லை. குறைக்க வேண்டியது தரையில் நிற்பதை. குவீன் கட்டிலுக்கு அடியில் ஓரடி உயரம் இருந்தால் முப்பத்திரண்டு கன அடி கிடைக்கிறது. மூன்றடி அகல இரட்டைக் கதவு ஸ்டீல் பீரோவின் கொள்ளளவு அதைவிடக் குறைவு. கதவுக்கு மேலே பரண், கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி என்று போனால் ஒரு பீரோவையே வீட்டைவிட்டு அனுப்பலாம்.

அப்படியானால் அழகு வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டும். மேலே சொன்ன எதுவும் அழகுக்கு எதிரி இல்லை. நடக்க வழியும் ஜன்னல் வழியே வெளிச்சமும் இருக்கிற அறைக்கு ஒரு நல்ல திரைச்சீலையும் ஒரு செடியும் போதும். அவை இல்லாத அறையை லட்ச ரூபாய் ஜிப்சமும் காப்பாற்றாது. இன்டீரியர்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பத்து ரூபாய்க்கு சாக்பீஸ் வாங்குங்கள். அவர் சொல்லும் கட்டில், சோபா, அலமாரி எல்லாவற்றையும் கதவு திறக்கும் வட்டத்தோடு சேர்த்து முழு அளவில் தரையில் வரையுங்கள். பள்ளிக்கூடம் உள்ள ஒரு நாள் காலையில் வீட்டிலுள்ள அத்தனை பேரும் அந்தக் கோடுகளை மிதிக்காமல் நடந்து பார்த்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.